பத்துத் தகடு அடுக்கினால் கவசம் ஆகிவிடுமா?

"மொத்தத் தடிமன் ஒன்றேயானாலும், ஒற்றை எஃகுத் தகட்டைவிட மெல்லிய தகடுகளின் அடுக்குதான் துப்பாக்கிக் குண்டை நன்றாகத் தடுக்கும், அடுக்கு கூடக்கூட வலிமையும் கூடும்" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

ஒரு சீட்டுக்கட்டை வளைத்துப் பாருங்கள். சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க, கட்டு எளிதில் வளைந்துவிடும். அதையே பசையிட்டு ஒட்டினால் விறைத்து நிற்கும். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறுகிறது. 1 மி.மீ. தகடு ஒன்றின் விறைப்பு, 10 மி.மீ. தகட்டின் விறைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒட்டாமல் அடுக்கிய பத்து 1 மி.மீ. தகடுகளின் விறைப்பு, ஒரே 10 மி.மீ. தகட்டின் விறைப்பில் நூறில் ஒரு பங்குதான். கூர்முனைக் குண்டுக்கு அந்த அடுக்கைத் துளைப்பது பெரும்பாலும் எளிது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மழுங்கிய முனையுள்ள குண்டு, தடித்த தகட்டிலிருந்து ஒரு வட்டத் துண்டையே வெட்டித் தள்ளும். அங்கே இரட்டைத் தகடு மேலாகத் தாங்கியதைச் சோதனைகள் காட்டியுள்ளன. இரட்டைதான், பத்து அல்ல.

அடுக்கின் உண்மையான பலன் எண்ணிக்கையில் இல்லை, வேலைப் பிரிவில் இருக்கிறது. கடினமான முன்பக்கம் குண்டின் முனையைச் சிதைக்கும். முறியாமல் வளைந்து கொடுக்கும் பின்பக்கம் மீதி விசையை வாங்கிக்கொள்ளும். 1890-களில் அமெரிக்கரான ஹார்வியின் முறையிலும், ஜெர்மனியின் க்ருப் (Krupp) நிறுவனத்தின் முறையிலும் போர்க்கப்பல் தகடுகளின் முன்முகத்தை மட்டும் கடினமாக்கியது இதற்காகத்தான்.