ஒரு கலசம் தண்ணீர் குற்றமாகும் ஊர்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவ டிஸ்டோபியா, அதாவது கொடுங்கோல் ஆட்சியில் நடக்கும் கற்பனை எதிர்கால நாவல், எழுத உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரகசிய வருகை, அந்திக்கிறிஸ்து, கையில் குத்தும் 666 முத்திரை, உலக முடிவைப் பற்றிச் சபைகளில் சொல்லும் இந்த மூன்றையும் முதல் நாவலில் தொடாதீர்கள். விசுவாசக் குறைவால் சொல்லவில்லை. கதை கெட்டுப்போகும் என்பதால் சொல்கிறேன். முடிவு இன்னதென்று சண்டே கிளாஸிலேயே கேட்டுவிட்ட பிள்ளை எதற்காக அடுத்த பக்கத்தைப் புரட்டும்? பயம்தான் மிஞ்சும். மே மாத விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியில் பயந்து எடுத்த தீர்மானம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கரைந்துபோகும்.

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலுக்கு ஓடுவதற்கு முன்னால் பழைய ஏற்பாட்டில் தானியேல் முதல் அதிகாரத்தைக் கதை எழுதுகிறவர் கண்ணால் வாசியுங்கள். போரில் தோற்ற யூதா நாட்டிலிருந்து அழகும் அறிவும் உள்ள வாலிபரைப் பாபிலோன்காரர்கள் பொறுக்குகிறார்கள். மூன்று வருஷப் பயிற்சி, புது மொழி, ராஜாவின் பந்தியிலிருந்து சாப்பாடு. அனனியா சாத்ராக் ஆகிறான், மீஷாவேல் மேஷாக் ஆகிறான், அசரியா ஆபேத்நேகோ ஆகிறான். யாரையும் அங்கே அடிக்கவில்லை. வயிறு நிறையப் போட்டு, பெயரை மாற்றி, ஆளையே மாற்றுகிறார்கள். கொடுங்கோல் அரசு என்றதும் சவுக்கும் இருட்டறையுமாக எழுதத் தொடங்குகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த நுட்பத்தைத்தான்.

மூன்றாம் அதிகாரத்தில் ராஜா பணியச் சொன்ன அறுபது முழச் சிலையும், பணியாத அந்த மூன்று பேரைப் போட ஏழு மடங்கு சூடாக்கிய சூளையும் வருகின்றன. சூளைக்குள் நாலாவது ஆள் உலாவியதை எல்லாப் பிள்ளையும் சொல்லும். நாவலுக்கு வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிறது. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, “விடுவிக்காமற்போனாலும்” பணிய மாட்டோம் என்கிறார்கள். உங்கள் கதாநாயகி அந்தச் சொல்லுக்கு எந்த இடத்தில் வந்து நிற்பாள் என்பதை முடிவுசெய்த பிறகு முதல் அத்தியாயத்தை எழுதுங்கள். அதை முடிவு செய்யாத கதைகளில் ஜெபம் ஸ்விட்ச் மாதிரி ஆகிவிடும். அவள் முழங்காலில் நிற்பாள், பூட்டு திறக்கும். வாசிக்கிற பிள்ளையின் வீட்டில் ஜெபித்தும் பிழைக்காத தாத்தா ஒருவர் இருந்திருப்பார். அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடும்.

அடுத்தது ஊர். நியூயார்க்கும் 2084-ம் வேண்டாம், மதுரையே போதும். ஆனால் சட்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பேச்சுக்குத் தடை, பாட்டுக்குத் தடை, கல்யாணத்துக்கு அனுமதி என்று ஐந்தாறு சட்டம் வைத்தால் எதுவும் மனதில் ஒட்டாது. ஒன்றை எடுத்து அடுப்படி வரைக்கும் கொண்டுபோங்கள். இந்த ஊருக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமானது இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு ஆறு குடம் என்று சட்டம் வைத்தால் 90 லிட்டர். தலைக்கு இருபத்திரண்டரை. நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது இன்றைய அரசு அளவுகோல், அதில் சரியாக ஆறில் ஒரு பங்கு. இனி எது முதலில் போகும் என்று வரிசையாக யோசியுங்கள். துணி துவைப்பது வாரம் ஒரு முறையாகும். அப்புறம் குளியல். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மாதத்தில் நாலைந்து நாள் என்ன பாடு என்பதைக் கூச்சப்படாமல் எழுத வேண்டும், வாசிப்பவள் அந்த வயதுதான். கடைசியாக, வீட்டுக்கு வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டும் வழக்கம் நிற்கும். கதைக்குத் திருப்பம் அங்கே இருக்கிறது. பதிவு செய்த வீட்டுத் தண்ணீரைப் பதிவில்லாதவருக்குக் கொடுத்தால் குற்றம் என்று வைத்துவிடுங்கள். மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் சிறியவரில் ஒருவனுக்குக் கொடுக்கும் “ஒரு கலசம் தண்ணீர்” இப்போது சட்டவிரோதம். விசுவாசத்துக்கும் சட்டத்துக்கும் மோதல் வந்துவிட்டது, பிரசங்கம் ஒரு வரிகூட வேண்டியிருக்கவில்லை.

செல்லூரில் ஒரு சந்து, சித்திரை வெயில். அவள் எவர்சில்வர் டம்ளரை வாசற்படியில் வைக்கிறாள். வெளியே நிற்பவன் குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறான். டம்ளரை எடுத்தாயிற்று, சிமெண்டில் ஈர வட்டம் மட்டும் இருக்கிறது. தெருமுனையில் காவலர் திரும்புகிறார். அந்த வட்டம் ஓரத்திலிருந்து காய்ந்து சிறுத்துக்கொண்டே வருகிறது. இதை ஒரு பக்கம் எழுதினால் துப்பாக்கியும் துரத்தலும் தேவைப்படாது.

நடுக்கதை தொய்ந்தால் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் கைகொடுக்கும். இஸ்ரவேல் அடிமைகள் அறுக்க வேண்டிய செங்கல் கணக்கைப் பார்வோன் கூட்டவில்லை, அதற்குக் கொடுத்துவந்த வைக்கோலை மட்டும் நிறுத்தினான். கணக்கு அதே கணக்கு. உங்கள் சட்டத்தையும் அப்படி இறுக்குங்கள். ஆறு குடம் ஆறாகவே இருக்கட்டும், லாரி வருவது மட்டும் இரண்டு தெரு தள்ளிப் போகட்டும். பஞ்சம் எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி வராது என்பதையும் காட்டியாக வேண்டும். வெளிப்படுத்தல் ஆறில் ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, அதாவது ஒரு நாள் கூலி முழுக்க ஒரு படிக்கே சரி. ஆனால் எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்று அதே வசனம் சொல்கிறது. ஏழையின் தானியம் எட்டாமல் போகிறது, பணக்காரர் பண்டத்துக்குச் சேதமில்லை.

கையில் முத்திரை என்பதை எழுதியே தீருவேன் என்றால், அதற்கும் வெளிநாட்டு மைக்ரோசிப் வேண்டியதில்லை. 1871-ல் வந்து 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறையான குற்றப் பழங்குடிச் சட்டத்தை நம் பக்கத்துப் பெரியவர்கள் கைரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பிறந்த சாதிக்காக ரேகை பதிய வேண்டும், இரவில் ஊர் விட்டுப் போக ராத்திரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். அதன் இயக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம், அந்த மக்களின் துயரத்தை எடுத்துக் கிறிஸ்தவக் கதாபாத்திரத்துக்கு மாட்டிவிடக் கூடாது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றைய ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தை நடத்தியது இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பு. சபை எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கமே நின்றது என்று எழுதினால் பதினாறு வயதுப் பிள்ளை ஒருநாள் உண்மையைக் கண்டுபிடிக்கும்.

ஆகவே வில்லனை எதிர்வீட்டு மதத்தில் தேடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும் வீட்டு அக்காவையும் பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரரையும் கொடியவர்களாகக் காட்டும் கதை பிள்ளைக்குச் செய்வது கெடுதல். வெளிப்படுத்தல் பதின்மூன்றில் இரண்டாம் மிருகத்துக்கு ஆட்டுக்குட்டியின் கொம்புகள், பேச்சுதான் வலுசர்ப்பத்தின் பேச்சு. பார்வைக்கு நம்மவர் போல இருப்பவர்தான் ஆபத்து. 1907-ல் ராபர்ட் ஹியூ பென்சன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் எழுதிய ‘லார்ட் ஆஃப் த வேர்ல்ட்’ நாவலிலும் எதிரி உலக சமாதானம் கொண்டுவருகிறவர்தான். உங்கள் கதையில் தண்ணீர்ப் பதிவேட்டை வைத்திருப்பவர் ஞாயிறுதோறும் முதல் வரிசையில் உட்காரும் சபைக் கமிட்டி அங்கிளாக இருக்கட்டும், அவளுக்கு ஞானஸ்நானத்தன்று வேதாகமம் வாங்கித் தந்தவராகவும் இருக்கட்டும்.

மொழியில் ஒன்று. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே போன்ற கத்தோலிக்கர் அல்லாத வீட்டில் ஜெபம், கர்த்தர். கத்தோலிக்க வீட்டில் செபம், ஆண்டவர், பூசை. கதாநாயகி எந்த வீடு என்று முதலிலேயே தீர்மானித்து அதிலேயே நில்லுங்கள். கலந்து எழுதினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்நியமாகும். பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் நடையை வசனம் சொல்லும் இடத்தில் மட்டும் வையுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது மதுரைப் பேச்சாக, “என்னடி”, “வாங்க மாமா” என்று வரட்டும்.

அளவு: டெமி சைஸில் பதினாறு பக்கப் பாரம் எட்டு, 128 பக்கம். பக்கத்துக்கு இருநூறு சொல் என்றால் இருபத்தாறாயிரம் சொல்லுக்குள் நிற்கும். இருபது அத்தியாயம் போதும். ஊர் எப்படி இப்படி ஆனது என்ற வரலாற்றை முதல் மூன்றில் சொல்லாதீர்கள். அவளுக்கும் அது பாதிதான் தெரியும்.

முடிவில் அரசைக் கவிழ்க்க வேண்டாம், ஒரு பதினாறு வயதுப் பெண்ணால் அது ஆகாது. பதிவேட்டில் அவள் வீட்டுப் பெயர் அடிக்கப்படட்டும், ஆறு குடமும் நிற்கட்டும். மறுநாள் விடியும் முன் கதவைத் திறக்கிறாள். வாசற்படியில் யாரோ வைத்துவிட்டுப் போன டம்ளர் ஒன்று, தளும்பத் தளும்பத் தண்ணீரோடு. யார் வைத்தது என்று சொல்லாதீர்கள்.