நகத்தை வெட்டிவிட்டேன், போதுமா?

பெரியப்பாவின் சாந்தி விசேஷத்தில் நான் வீணை வாசித்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதற்குக் கீழே குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா போட்டதையும் பார்த்திருப்பீர்கள். "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு வீணை எதுக்கு?" இந்த ஒரு வரிக்கு 31 லைக். அதில் பாதிப் பேர் அன்று வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து "இன்னொண்ணு வாசி ஆத்தா" என்று கேட்டவர்கள்.

சரி, கணக்கே பார்ப்போம். ஒரு நாளில் வீணைக்கு நான் கொடுப்பது 40 நிமிடம். என்கூடப் படிக்கிற பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ரீல்ஸ் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறார்கள், தப்பே இல்லை, ஆனால் அவர்களிடம் யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. என்னுடைய 40 நிமிடம்தான் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

இந்த லீவில் காரைக்குடியில் ஒரு சர்ஜனிடம் அனுமதி வாங்கி ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறேன். நின்று பார்ப்பது மட்டும்தான், எதையும் தொட்டதில்லை. முதல் நாளே நர்ஸ் அக்கா என் வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த நகத்தோட உள்ளே வராதே" என்றார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மீட்டுவதற்காக வளர்த்த நகம். அன்று சாயங்காலமே வெட்டிவிட்டேன். இப்போது விரலில் கம்பி வளையம் மாட்டித்தான் வாசிக்கிறேன், நாதத்தோடு ஓர் இரும்புச் சத்தமும் சேர்ந்து வருகிறது, எனக்கே காது கூசுகிறது. படிப்புக்காக வீணையில் எதை விட்டேன் என்று அந்த 31 பேரில் ஒருவர் கேட்டிருக்கலாம்.

"பார்மகாலஜி இன்டர்னல் பரீட்சையில் மார்க் குறைந்ததே" என்பீர்கள். குறைந்தது. அந்த மாதம் அப்பத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், நான் வீணை உறையைக்கூட அவிழ்க்கவில்லை. அவ்வளவுதான்.

அப்புறம், "வீணை வாசித்தால் ஆபரேஷனுக்குக் கை பழகும்" என்று எனக்காகப் பரிந்து பேசிய சித்திக்கு நன்றி, ஆனால் அந்தச் சப்பைக்கட்டும் வேண்டாம். தையலுக்குப் போடும் ஒற்றைக் கை முடிச்சை நான் பட்டாலை ஊஞ்சல் சங்கிலியில் நூல் கட்டிப் பழகுகிறேன், அதற்கு அது போதும். வீணை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வாசிக்கிறேன். இதைச் சொல்ல எதற்கு இவ்வளவு கூச்சப்பட வேண்டியிருக்கிறது?

கர்நாடக சங்கீத வித்வான் ஸ்ரீபாத பினாகபாணி மருத்துவப் பேராசிரியராக இருந்தவர்தான், 1983-இல் சங்கீத கலாநிதி விருதும் வாங்கினார். "உன்னை அவரோடு ஒப்பிடுகிறாயா?" ஐயோ, இல்லை. சங்கீதம் தெரிந்த டாக்டரிடம் நோயாளி பயந்து ஓடவில்லை என்கிறேன், அவ்வளவே. மேடை கிடைத்தால் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்டதையும், காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணையையும் நம் பெருமையாகப் பேசுவோம். வீட்டுப் பிள்ளை வாசித்தால் மட்டும் எதுக்கு!

போன வருஷம் அம்மாவிடம், "பிள்ளைக்கு வீணை தெரியும்னு ஜாதகத்தோட எழுதிக் கொடுங்க, நல்ல இடம் அமையும்" என்று சொன்னதும் இதே சித்தப்பாதான். அப்போது அது படிப்பைக் கெடுக்கவில்லை போல. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்வரை வாசிக்கலாம், அதற்குப் பிறகு உறை போட்டு மூலையில் சாத்திவிட வேண்டும், அப்படித்தானே? இருபது வயதுப் பெண்ணை 31 பேர் சேர்ந்து சிரிப்பது உங்களுக்கெல்லாம் சின்ன விஷயம். அன்று ராத்திரி நான் புத்தகமும் எடுக்கவில்லை, வீணையும் எடுக்கவில்லை.

அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். இடது ஓரத்தில் பெரியப்பா, மாலையைக் கழற்றக்கூட மறந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார், முழுக்கத் தப்பாக.

நாளைக்கு ஏழரைக்கு தியேட்டர், ஹெர்னியா கேஸ். ஐந்தரைக்கு எழுந்து வாசித்துவிட்டுத்தான் போவேன். ஒரே வளவுதானே, சத்தம் தொந்தரவாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் சித்தப்பா.