பன்றி முடியில் தலை எது, வால் எது என்பது முக்கியம்

மேலே ஒருவர், "பிரஷ்ஷுக்கான பன்றி முடியை நீளம் பார்த்துப் பிரித்தால் போதும், எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு, பிரஷ் வாங்குகிறவர்களையும் குழப்பிவிடும். பன்றி முடியின் வேர்ப்பக்கம் தடிமனாக இருக்கும், நுனி மெலிந்து இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும், அந்தப் பிளவில்தான் பெயின்ட் தங்குகிறது. பாதி முடியைத் தலைகீழாகக் கட்டினால் பிரஷ் முனையில் பாதி மொட்டை வேராக நிற்கும், சுவரில் கோடு கோடாக இழுக்கும்.

கலந்து கிடக்கும் முடியை ஒரே திசைக்குத் திருப்புவதுதான் கஷ்டமான வேலை, அதற்கு முடியின் மேலுள்ள செதில்களே வழி தருகின்றன. நம் தலைமுடிக்கும் அதே அமைப்புதான். உதிர்ந்த ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள், வேர்ப்பக்கம் முன்னால் போக அது தானாக நகரும். செதில்களெல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் எதிர்த்திசையில் உராய்வு அதிகம். முன்னும் பின்னும் அசையும் இரண்டு பரப்புகளுக்கு இடையில் முடியை விட்டால் வேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது போய்விடும். எடையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

நீளம் பிரிப்பது அப்புறம்தான். வேர்களை ஒரே மட்டமாகத் தட்டி வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் உருவுவார்கள், பிறகு அடுத்த நீளம். வேர்கள் ஒரே பக்கம் இல்லாவிட்டால் இந்த உருவலைச் சரியாகச் செய்யவே முடியாது.

சரி, "1938இல் நைலான் டூத்பிரஷ் வந்ததும் பன்றி முடியின் காலம் முடிந்தது" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. எண்ணெய் வண்ண ஓவியர்கள் இன்றும் பன்றி முடி பிரஷ்தான் கேட்டு வாங்குகிறார்கள்.