மூன்றாம் ஷை எடுக்கிறதா, விடுறதா?

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் அக்காவின் மகள் கேட்டாள், "மாமா, மூன்றாம் ஷை எடுக்கவா, விடவா?" ஏ.எல், அதாவது உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தரமும் எழுதுவதா என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு முழுக்க அதையே யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டில் ஏ.எல் பிள்ளை இருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

அவள் பயோ, டாக்டராகப் போக எடுக்கும் உயிரியல் பிரிவு. இரண்டாம் தரமும் திருகோணமலை வெட்டுப்புள்ளிக்கு, அதாவது பல்கலைக்கழகம் போக நம் மாவட்டத்துக்கு வேண்டிய குறைந்த புள்ளிக்கு, கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். இந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, இதுதான் நம் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது. அரச பல்கலைக்கழகங்களில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நம் மாவட்டமும் ஒன்று. அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் மூதூரிலும் குச்சவெளியிலும் இருந்து எத்தனை டாக்டர்மார் வந்திருப்பார்கள்? அது வேண்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் கதவு கண்ணுக்கு முன்னால் பாதி திறந்து கிடக்கும்போது, இன்னுமொரு தரம் தள்ளிப் பார்க்காமல் திரும்பிப் போக யாருக்கு மனம் வரும்? தூரத்தில் நின்று தோற்றவன் சீக்கிரம் வேறு வழி பார்த்துவிடுகிறான். கிட்ட நின்று தோற்றவள்தான் வருடக்கணக்கில் அந்த இடத்திலேயே நிற்கிறாள்.

வருடக் கணக்கையும் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைக் காலமே குழம்பிவிட்டது. 2021 ஏ.எல் 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்குரியது 2023இல், 2023க்குரியது 2024 ஜனவரியில். முடிவு வர மாதங்கள், அப்புறம் கம்பஸ் தொடங்கும்வரை இன்னும் பல மாதங்கள். மூன்றாம் தரம் எடுத்து உள்ளே போகிற பிள்ளைக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகிவிடும். பட்டத்தோடு வெளியே வர இருபத்தேழு. பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழக இடம். மற்ற மூன்று பேரைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

நான் அந்த மூன்று பேரில் ஒருவன். நானும் பயோ, நானும் மூன்று ஷை. மூன்றாவது முடிவு வந்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சோறு போட்டுத் தந்தார். அந்தச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. பிறகு இரண்டு வருடம் ஒரு தனியார் இடத்தில் பில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் குளிரூட்டி வேலை பழகி, தேசிய தொழிற் தகைமை, அதுதான் என்.வி.கியூ, நான்காம் மட்டம் எடுத்தேன். இன்றைக்கு உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் ஏ.சி பராமரிப்பது என் தொழில். கடற்கரைக் காற்றில் உப்பு இருப்பதால் வெளியே பூட்டும் யூனிட் சீக்கிரம் அரித்துப்போகும். அதைக் கழுவிப் பாதுகாக்கத் தெரிந்தவனுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது. மாரி தொடங்கினால் கை காயும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓய்வூதியம் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சிட்டை எங்கே என்கிறார்கள்.

பெற்றோரைக் குறை சொல்ல என்னால் முடியாது. யுத்தக் காலத்தில் வயல் போனது, தோணி போனது, இடம்பெயர்ந்து கூடாரத்தில் கிடந்தோம். 2004 சுனாமி மிச்சத்தையும் கொண்டுபோனது. அவ்வளவுக்குள்ளும் மாதம் முடிய வந்தது அரசாங்கச் சம்பளம் மட்டும்தான். அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை "ஒரு கவர்மெண்ட் உத்தியோகம் எடு" என்று பிள்ளையைக் கெஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2022இல் அதே சம்பளத்தை வைத்துக்கொண்டு காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோமே, அதையும் மறந்துவிடக் கூடாது. டாக்டர்மாரே நாட்டை விட்டுப் போனார்கள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் நம் ஊரிலேயே வீதியோரம் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பட்டம் கையில் இருந்தும் வெயிலில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்போது பெடியன்கள் கொரியாவில் வேலைக்குப் போகக் கொரிய மொழி வகுப்புக்கு ஓடுகிறார்கள், இல்லையென்றால் கட்டார். போகட்டும், அதுவும் உழைப்புத்தான். பெண்பிள்ளைகளுக்கு அந்த வழியையும் வீடு அடைத்துவிடுகிறது. என் மருமகள் கேட்ட கேள்விக்குள் இதுவும் இருந்தது. "தம்பிக்கென்றால் கொரியா இருக்கு மாமா, எனக்கு ரியூஷன் மட்டும்தான் இருக்கு" என்றாள்.

மூன்றாம் ஷை எடுக்கிறதென்றால் எடுக்கட்டும். ஆனால் அந்த வருடத்தை வெறும் ரியூட்டரியில் மட்டும் கழிக்க விடாதீர்கள். உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் எச்.என்.டி என்கிற உயர் தேசிய டிப்ளோமா, தொழில்நுட்பக் கல்லூரியில் என்.வி.கியூ, இரண்டுக்கும் திருகோணமலையிலேயே இடமிருக்கிறது. என்.வி.கியூ ஏழாம் மட்டம் என்றால் பட்டத்துக்குச் சமன், இது நிறைய வீட்டுக்குத் தெரியாது. ஒரு கையில் பரீட்சை, மறு கையில் ஒரு பதிவு. அப்படி இருந்தால் முடிவு வரும் நாளில் பிள்ளை வெறுங்கையோடு நிற்காது. எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்று, கலியாண வீட்டிலும் கோயிலிலும் "ரிசல்ட் என்ன?" என்று கேட்பதை நிறுத்துங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவதையே அவள் விட்டுவிட்டாள், இந்தக் கேள்விக்குப் பயந்து.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போய் விண்ணப்பம் எடுக்கப்போகிறேன். எடுப்பதும் விடுவதும் அவள் விருப்பம். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.