ஆமாம், அது ஆய்வேடுதான்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி மேடையில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நாலு நாள் பொறுத்தேன். ஆனால் அங்கே பேசிய பெரியவர் ஒருவர் கதை எழுதி ஆனர்ஸ் வாங்குகிறவர்களைக் கேலி செய்த அந்த ஒன்றரை நிமிட வீடியோ இன்று காலை எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது, கீழே சிரிக்கிற பொம்மைகளோடு. இனிப் பேசாமல் இருந்தால் அவர் சொன்னதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"எங்க காலத்துல ஆய்வேடுன்னா முந்நூறு அடிக்குறிப்பு இருக்கும். இப்ப புள்ளைங்க கதை எழுதிக் குடுத்துட்டு ஆனர்ஸ் வாங்கிட்டு வந்துருதுக." கூடமே சிரித்தது. அவர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். வயதில் பெரியவர், நிறையப் படித்தவர், எனக்குப் பாடம் எடுத்த இரண்டு பேருக்கு அவர்தான் பாடம் எடுத்தார். அந்த மரியாதை இப்போதும் இருக்கிறது. ஆனால் ஐயா சொன்னது தப்பு. நான் எழுதிக் கொடுத்தது ஆய்வேடுதான்.

விவரம் தெரியாதவர்களுக்காக: நான் படித்தது வெளிமாநிலத்தில், நான்கு ஆண்டு ஆனர்ஸ். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி, முதல் ஆறு பருவத்திலும் சேர்த்து 75 சதவீதம் எடுத்தவர்கள்தான் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவுக்குப் போக முடியும். மொத்தப் படிப்புக்கும் சேர்த்து 160 கிரெடிட், அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடுகிற புள்ளி, அதில் 12 ஆய்வேட்டுக்கு. எங்கள் ஆங்கிலத் துறையில் கதை மாதிரிப் படைப்பையும் ஆய்வேடாகக் கொடுக்கலாம். ஆனால் படைப்பு மட்டும் போதாது. என்ன எழுதினாய், ஏன் இந்த வடிவம், உனக்கு முன்னால் இதை யார் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தனியாக ஒரு விமரிசனக் கட்டுரையும் வேண்டும். நான் கொடுத்தது 7 கதைகள், 28 பக்கக் கட்டுரை. ஒரு வழிகாட்டி, இரண்டாவதாக வாசிக்க இன்னொருவர், கடைசியில் 50 நிமிட வாய்மொழித் தேர்வு. எல்லாம் முடிய 14 மாதம். அடிக்குறிப்பும் இருக்கிறது ஐயா, எண்ணிப் பார்த்தேன், 61.

"கதைதானே, உட்கார்ந்தா வந்துரப் போகுது" என்று நினைக்கிறவர்களுக்கு என் மூன்றாவது கதை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. கதையில் ஒரு பெண் விடுதிக்குக் கிளம்புகிற நாளில் அவள் அப்பாவோடு பட்டறைக்குப் போய்த் தன் கையால் ஒரு டைல்ஸ் கல் செய்கிறாள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் பண்ணுவார்கள். சாயத்தில் போட்ட பூ அடியில், கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கும். என் முதல் பிரதியில் அவள் அன்று சாயங்காலமே கண்ணாடியை எடுத்து, பூவைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள். வழிகாட்டிக்குப் பிடித்திருந்தது. எனக்கும் ரொம்பப் பிடித்திருந்தது.

லீவில் வந்தபோது அப்பாவுக்கு அதைத் தமிழில் வாயால் சொல்லிக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது ஆகாதுத்தா" என்றார். "ஈரத்துல கண்ணாடிய எடுத்தா பூவும் கூடவே வந்துரும். மொதல்ல காயணும், அப்புறம் தண்ணித் தொட்டியில கெடக்கணும், திரும்பக் காயணும். அவ எப்புடி அன்னைக்கே பாத்தா?"

19 பக்கத்தில் 11 பக்கம் போயிற்று. அவள் அன்றைக்கே பார்க்க முடியாதென்றால் கதை எங்கே போய் நிற்கும்? ஆறு வாரம் தூக்கமில்லை. கடைசியில் அவள் பார்க்காமலே பஸ் ஏறினாள். கல் தொட்டித் தண்ணீரில் கிடந்தது. வாய்மொழித் தேர்வில் இரண்டு பேரும் அதிக நேரம் பேசியது அந்த முடிவைப் பற்றித்தான். அது எனக்கு வந்தது அப்பாவின் ஒரு வாக்கியத்திலிருந்து. தகவல் திரட்டுவது, சரிபார்ப்பது, தப்பென்று தெரிந்தால் எழுதியதைக் கிழித்துப் போடுவது, இதற்குப் பெயர் ஆய்வு இல்லையென்றால் வேறு என்ன?

"கதைக்கு எப்படி மார்க் போடுவது" என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் காரைக்குடியில் கேட்கலாமா? 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றிய நாள் என்றுதானே பங்குனி அத்தத்தில் நாட்டரசன்கோட்டையில் கொண்டாடுகிறோம்? அரங்கேற்றம் என்றால் என்ன? எழுதினவன் சபைக்கு முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொல்வது. தொல்காப்பியமே அதங்கோட்டாசான் என்ற அறிஞர் முன்னால் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1922-இலேயே மேற்பட்டங்களுக்குப் படைப்பை ஆய்வேடாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. எவனோ நேற்றுக் கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை.

அடுத்து கண்ணதாசன். நேற்றிலிருந்து மூன்று பேர் உள்பெட்டியில் அதையே அனுப்பியிருக்கிறார்கள்: "சிறுகூடல்பட்டிக்காரர் எட்டாவதுதான் படிச்சார், அவருக்கு என்ன ஆனர்ஸ்?" சரி, அவர் மேதை. மேதைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். எனக்கு வேண்டும். என்னைப் போல நூறு பேருக்கு வேண்டும். வீட்டில் ஒரு புத்தக அலமாரி கூட இல்லாத பிள்ளைக்கு, எழுதியதை வரி வரியாக வாசித்து "இந்த இடம் பொய்" என்று சொல்ல ஒரு ஆள் எங்கே கிடைப்பார்? எனக்கு வகுப்பறையில்தான் கிடைத்தார். அப்புறம் என் வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் இருந்தார் என்பது அங்கே போய்ப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வேலை கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்.

"ஏன் இங்கிலீஷில் எழுதினாய்" என்பதுதான் என்னைக் குத்துகிற கேள்வி. துறை ஆங்கிலத் துறை, அதனால் ஆங்கிலம். இது உண்மையான பதில்தான், ஆனால் போதாத பதில் என்று எனக்கும் தெரியும். என் 7 கதையிலும் வருகிற மனிதர்கள் ஒருவர்கூட அதை எடுத்து வாசிக்க முடியாது. இதை ஐயா மேடையில் கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். அவர் இதைக் கேட்கவில்லை. கதை என்றால் சோம்பேறித்தனம் என்றார்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் குனிந்து படம் எடுக்கிறார்கள். கானாடுகாத்தானில் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பர்மாத் தேக்கு எந்தக் கப்பலில் வந்தது, கண்ணாடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று வாய் ஓயாமல் சொல்வார்கள். தரையைப் போட்டவர் பெயரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைத்தான் எழுதினேன். அதை எழுதிவிட்டு வந்த பெண்ணை மேடைக்குக் கீழே உட்கார வைத்துக்கொண்டுதான் சிரித்தீர்கள். முதல் வரிசைதான் அதிகம் சிரித்தது. வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது.

கடைசி வரிசை வீடியோவில் இல்லை. அங்கே, கதவுப் பக்கத்து நாற்காலியில் என் அப்பா இருந்தார். கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கிற சிவப்புச் சாயம் போகாது என்பதால் இரண்டு கையையும் மடக்கி மடியில் வைத்திருந்தார். எல்லோரும் சிரித்தபோது என்ன பகிடி என்று புரியாமல் அவரும் கொஞ்சம் சிரித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். ஆத்தங்குடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்: "ஏத்தா, அவுக ஒன்னயத்தான் சொன்னாகளா?"

"இல்லப்பா, பொதுவாச் சொன்னாக" என்றேன்.

அப்பாவிடம் நான் பொய் சொல்கிற வழக்கமில்லை. ஐயா, அந்தப் பொய்யைச் சொல்ல வைத்ததற்குத்தான் எனக்கு உங்கள்மேல் கோபம், ஆனர்ஸைப் பற்றிப் பேசியதற்குக்கூட இல்லை. பிரதி ஒன்று உங்களுக்கு அனுப்புகிறேன், வாசியுங்கள். வாசித்துவிட்டு மோசம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வாசிக்காமல் சொன்னதைக் கேட்டுக்கொள்ள மாட்டேன். அது ஆய்வேடுதான்.

திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து மூன்றாவது கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 14 பக்கம் ஆயிற்று, இன்னும் அஞ்சு பக்கம் இருக்கிறது. இதுவரை அப்பா காதால் கேட்டிருப்பது பழைய முடிவைத்தான். தொட்டித் தண்ணீரில் கல் கிடக்கிற இடத்தை இன்னும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.