இரண்டு நகை விளம்பரங்கள், ஒரு கோபம்

ஒரு விளம்பரம் யார் மனதையோ புண்படுத்திவிட்டது என்றால் நம் செய்தி சேனல்களுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. நிருபரை எங்கும் அனுப்ப வேண்டாம். வீடியோ ஏற்கெனவே யூடியூபில் கிடக்கிறது. ட்விட்டரில் நாலு பேர் திட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ‘கொந்தளித்த நெட்டிசன்கள்’ ரெடி. ராத்திரி விவாதத்துக்கு அந்தப் பக்கம் இருவர், இந்தப் பக்கம் இருவர், நடுவில் கத்துவதற்கு நெறியாளர். கீழே ‘வலுக்கும் எதிர்ப்பு’ என்று பட்டை ஓடும். எதிர்ப்பு வலுப்பதே அந்தப் பட்டையால்தான்.

2020 அக்டோபர் தனிஷ்க் விவகாரம் ஞாபகம் இருக்கும். தனிஷ்க் நமக்கு அந்நியக் கம்பெனி இல்லை. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டனின் பிராண்டு, ஓசூரில் நகை செய்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறது. இந்தச் சடங்கு உங்கள் வீட்டில் கிடையாதே என்று மருமகள் கேட்க, பெண்ணைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டே என்கிறார் மாமியார். அவ்வளவுதான். பண்டிகைக் காலத்தில் தங்கம் விற்க எடுத்த, கொஞ்சம் சர்க்கரை தூக்கலான படம். இதற்கு ‘லவ் ஜிகாத்’ என்று பெயர் வைத்து, தனிஷ்க்கைப் புறக்கணிப்போம் என்று டிரெண்ட் செய்தார்கள். அக்டோபர் 13 அன்று கம்பெனி வீடியோவைத் தூக்கிவிட்டது. ஊழியர்கள், கடைக்காரர்களின் நலனையும் காரணமாகச் சொன்னது.

அந்தக் காரணத்தைச் சும்மா என்று தள்ளிவிட முடியாது. குஜராத்தில் கட்ச் மாவட்டம் காந்திதாமில் இருந்த தனிஷ்க் கடையின் கதவில், அந்த விளம்பரத்துக்காக மன்னிப்புக் கேட்டு கையால் எழுதிய குஜராத்திக் குறிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. மும்பையில் யாரோ எழுதி, யாரோ இயக்கிய படத்துக்கு காந்திதாமில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மன்னிப்புக் கேட்கிறார்! கடை தாக்கப்பட்டது என்று ஒரு ஆங்கில சேனலில் செய்தி வந்தது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை, மிரட்டல் அழைப்புகள்தான் வந்தன என்றது போலீஸ். அப்புறம் என்ன, தாக்குதல் நடந்ததா இல்லையா என்பதே அடுத்த ரவுண்டு சண்டை ஆனது. மிரட்டியது யார் என்ற கேள்வி அந்த இரைச்சலில் போன இடம் தெரியவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி யார் கண்ணிலும் அதிகம் படாதது. விளம்பரங்களைக் கண்காணிக்க 1985 முதல் ஆஸ்கி என்று விளம்பரத் துறையின் சொந்த அமைப்பு ஒன்று இருக்கிறது. தனிஷ்க் பற்றி அங்கேயும் புகார் போனது. அவர்களின் குழு பார்த்துவிட்டு, ஆபாசமோ அருவருப்போ எதுவும் இதில் இல்லை என்று ஒருமனதாகப் புகாரைத் தள்ளியது. ஆனால் விளம்பரம் ஏற்கெனவே காலி. தீர்ப்பு வருவதற்குள் தண்டனை நிறைவேறியிருந்தது.

இந்துச் சிறுமியும் முஸ்லிம் சிறுவனும் நட்பாக இருப்பதைக் காட்டிய 2019 சர்ஃப் எக்செல் ஹோலி விளம்பரத்துக்கும் இதே கூத்து. கோபத்தில் சிலர் பிளே ஸ்டோருக்குப் போய் மைக்ரோசாஃப்ட் எக்செல் ஆப்புக்கு ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் இந்துஸ்தான் யூனிலீவர் விளம்பரத்தை எடுக்கவில்லை, சோப்புத்தூளும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. 2021இல் இரு பெண்களைத் தம்பதியாகக் காட்டிய கர்வா சௌத் விரத விளம்பரத்தை டாபர் எடுத்துவிட்டது. ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் தாலி விளம்பரத்துக்கு மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சரே 24 மணி நேரக் கெடு வைத்தார், அதையும் எடுத்துவிட்டார்கள்.

எல்லாக் கோபமும் வெட்டி என்று சொல்ல வரவில்லை. 2022 ஜூனில் வந்த ஷாட் வாசனைத் திரவிய விளம்பரம், கூட்டுப் பாலியல் வன்முறையைக் கிண்டலாக்கியது. அதற்கு வந்த கோபம் சரியான கோபம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு அதை ஒளிபரப்பியதும் ஒரு சேனல்தானே?

சரி, இன்னொரு தங்கத்துக்கு வருவோம். திருச்சியைச் சேர்ந்த பிரணவ் ஜுவல்லர்ஸ். நகைச் சேமிப்புத் திட்டம், நல்ல லாபம் என்று ஆசை காட்டி மக்களிடம் சுமார் 100 கோடி ரூபாய் வசூலித்து ஏமாற்றியதாக வழக்கு. 2023 நவம்பரில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. அந்தக் கடைக்கும் விளம்பரம் வந்தது, பிரபல நடிகர் முகத்தோடு. அதைப் பார்த்து யாராவது டிரெண்ட் செய்தார்களா? ‘வலுக்கும் எதிர்ப்பு’ பட்டை ஓடியதா? கடை மூடிய பிறகுதான் செய்தி. அப்போதும் தலைப்பில் இருந்தது நடிகர் பெயர். மாதாமாதம் சீட்டுக் கட்டியவர்கள் நாலாவது பத்தியில் நின்றார்கள்.

ஆன்லைன் ரம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். நிதி இழப்பு அபாயம் உண்டு, அடிமையாக்கலாம் என்ற எச்சரிக்கை விளம்பரத்தில் 20 சதவீத இடத்தையாவது பிடிக்க வேண்டும், சாதாரண வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று ஆஸ்கி விதி போட்டது 2020இன் கடைசியில். வாசிக்கும் வேகத்துக்கே விதி தேவைப்பட்டது என்றால் அதுவரை எப்படி வாசித்திருப்பார்கள் என்று பாருங்கள். அந்த விளம்பரங்கள் எந்த இடைவேளையில் ஓடின? பெண்ணின் மானம், மதத்தின் மானம் பற்றிய விவாதங்களின் இடைவேளையில்தான். நகைச் சீட்டு, மனை விற்பனை, நூறு சதவீதத் தேர்ச்சி தரும் கோச்சிங் எல்லாம் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளர் மீது யார் கோபப்படுவார்கள்? வளைகாப்பு என்றால் வசதி, யார் வேண்டுமானாலும் திட்டலாம், கல்லாவுக்குச் சேதமில்லை.

சத்தமில்லாமல் கொடுத்த புகார் ஒன்றும் உண்டு. பதஞ்சலி விளம்பரங்கள் நோய்களைக் குணமாக்குவதாகப் பொய் சொல்கின்றன என்று 2022இல் இந்திய மருத்துவ சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. கேரளத்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஒருவர் ஆர்டிஐ போட்டு, அதிகாரிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954இன் சட்டம் ஒன்று கையில் இருந்தும் அதிகாரிகள் அசையவில்லை. ஹாஷ்டேக் கிடையாது, தேதி தேதியாக வாய்தா.

கடைசியில் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. 2024 ஏப்ரலில், அந்த விளம்பரங்களுக்காக 67 நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டுவிட்டோம், பத்து லட்சம் ரூபாய் செலவானது என்று பதஞ்சலி தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. நீங்கள் வழக்கமாகப் போடும் முழுப்பக்க விளம்பர அளவில் இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பேப்பரை வெட்டி அசல் அளவிலேயே கொண்டுவாருங்கள், மன்னிப்பை மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்க முடியாது என்றார்கள். மறுநாளே இன்னும் பெரிய எழுத்தில் மன்னிப்பு வந்தது. அதுவும் விளம்பரக் கணக்கில்தான். பொய்க்கும் காசு வாங்கிய பத்திரிகைகள், மன்னிப்புக்கும் இரண்டு தவணை வாங்கிக்கொண்டன.