நெஞ்சுக்குள் இருக்கும் பட்டை

பிறவியிலேயே நெஞ்செலும்பு உள்நோக்கிக் குழிந்த அக்காவின் மகன், வெள்ளவத்தைக் கடற்கரையில் மற்றப் பிள்ளைகள் குளிக்கும்போது மேற்சட்டையைக் கழற்றாமல் மணலிலேயே நிற்பான். கடந்த ஆண்டு சென்னைக்கு அழைத்துச் சென்று சத்திரசிகிச்சை செய்வித்தோம். சென்றதில் வருத்தமில்லை. கேட்கவேண்டியவற்றைக் கேட்காமல் சென்றதே தவறு.

1987 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டொனால்ட் நஸ் என்னும் நிபுணர் தொடங்கிய முறை இது. விலாவின் இருபுறமும் சிறு வெட்டுகள் இட்டு, கமெராவின் துணையுடன், வளைத்த உலோகப் பட்டையொன்றை நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் இடையே செலுத்தித் திருப்பிவிட, குழி அப்போதே மேலெழும்பிவிடுகிறது. வெட்டு சிறிதென்றால் வலியும் சிறிதாக இருக்கும் என்று நம்பியிருந்தோம். ஆனால் முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு இருமலுக்கும் அவன் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்த்து அக்கா வெளியே போய் நின்று அழுதார்.

பட்டைகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவை; அதில் நிக்கல் உண்டு. மணிக்கூட்டுப் பட்டியின் கொளுவி பட்ட இடத்தில் மகனுக்குத் தோல் சிவந்து தடிப்பதை, சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாலை அக்கா தற்செயலாகச் சொன்னார். டைட்டேனியம் பட்டை வரும்வரை ஒன்பது நாட்கள் விடுதி அறையில் காத்திருந்தோம். முன்கூட்டியே இதைக் கேட்டிருக்கவேண்டியது அந்த வைத்தியசாலையின் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. பட்டை இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்வரை உள்ளே இருந்தபின், அதை எடுப்பதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும். எங்களுக்குத் தந்த செலவு மதிப்பீட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இடையில் பட்டை இடம்பெயர்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ பிள்ளை இருக்கப்போவது கொழும்பில்தானே? ஆகவே, வெளிநாடு செல்வதாக முடிவெடுத்துவிட்டாலும், இங்குள்ள நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் முதலில் பிள்ளையைக் காட்டுங்கள். திரும்பி வரும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பு, பட்டையின் உலோகம், அளவு, ஸ்கேன் இறுவட்டு எல்லாவற்றையும் கையோடு வாங்கிவந்து அவரிடமே கொடுங்கள்.

நெஞ்சில் பட்டை உள்ளவருக்கு இதய மின்னதிர்ச்சி கொடுக்க நேர்ந்தால், ஒட்டுத்தகடுகளை முன்னும் பின்னுமாக வைப்பதே நல்லது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? மகனின் பணப்பையில் இப்போது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய சிறு அட்டையொன்று இருக்கிறது. அதை எழுதித் தந்தவர், நாங்கள் மிகவும் பிந்திச் சந்தித்த கொழும்பு வைத்தியர்.